கூடாரம் போட ஓர் ஆற்றங்கரை

மலை பார்க்க வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் உட்துறைமுகம் தெரியும். கப்பல் வரும், நிற்கும், போகும். அது எனக்குப் போதுமாக இருந்தது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பூமிசாஸ்திரப் புத்தகத்தில் மலைநாடு வரும் பக்கத்துக்கு முன்னமே விட்டுவிட்டேன் போலிருக்கிறது. அப்படிப்பட்ட என்னை, மலையில் ஓர் ஆற்றங்கரை பார்த்துக் கூடாரம் போட இடம் தெரிந்து வா என்று அனுப்பினார்கள். அனுப்பியதற்குக் காரணம் என்னுடைய பயம்தான்.

என் மகள் சாந்தி ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துச் சாரணியரில் இருந்தாள். ஆவணி விடுமுறையில் பதினெட்டுப் பிள்ளைகளை மலைநாட்டுக்குக் கூட்டிப்போய் ஆற்றங்கரையில் நான்கு நாள் முகாம் என்று ஒரு கடிதம் வந்தது. கீழே தகப்பனும் தாயும் கையெழுத்துப் போட இரண்டு கோடுகள். என் வீட்டுக்காரர் குடாவைக் கடந்து மூதூருக்கு லோஞ்ச் படகு ஓட்டுகிறவர். தண்ணீரைக் கண்டு பயப்படாதவர். கடிதத்தை வாசித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். "நீர் முதல்ல போடும். நான் முந்திப் போட்டால் பிறகு வாழ்நாள் முழுக்கக் கேட்க வேண்டி வரும்" என்றார்.

நான் போடவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய், சாரணியருக்குப் பொறுப்பான ஜெயந்தி ரீச்சரிடம் கேள்வி கேட்டேன். அட்டை கடித்தால் என்ன செய்வது? சிறுத்தை உண்டா? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? மண் சரியாதா? பனியில் நித்திரை கொண்டால் நெஞ்சில் சளி கட்டாதா? முப்பது வயதும் இல்லாத அந்தப் பெண் தையலும் பூமிசாஸ்திரமும் படிப்பிக்கிறவள். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, கையில் இருந்த ஊசியைப் பஞ்சில் குத்திவிட்டுச் சொன்னாள்:

"பூமணி அக்கா, நான் ஆனி மாதம் இடம் பார்க்கப் போறன். நீங்களும் வாங்கோ. நீங்கள் ஓமெண்டு சொல்லுற இடத்திலதான் கூடாரம். நீங்கள் ஏலாதெண்டால் முகாமே இல்லை."

பகிடி என்றுதான் நினைத்தேன். அதிபரும் சம்மதித்துவிட்டார் என்று இரண்டாம் நாள் செய்தி வந்தது. அன்றிலிருந்து சாந்தி என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். அம்மா எங்கே போனாலும் ஏலாது என்றுதான் சொல்லப்போகிறாள் என்று தகப்பனிடம் சொன்னாளாம். நான் வெளிக்கிட்ட அன்று மட்டும் படலையடிக்கு வந்து, என் முகத்தைப் பாராமல், "ஒரு இடமாவது உங்களுக்குப் பிடிக்கட்டும்" என்றாள்.

கையெழுத்து இல்லாத கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பையில் வேறு என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அட்டைக்கு உப்பும் தேசிக்காயும், சளிக்கு உள்ளியும் கற்பூரமும், இருபது முழம் கயிறு, இவருடைய மழைக்கோட்டு, ஒரு டோர்ச், இரண்டு மெழுகுதிரி, போகிற வீட்டுக்குக் கொடுக்கச் சாம்பல்தீவில் என் தமையன் காயவைத்த கருவாடு ஒரு பார்சல். ரீச்சர் தூக்கிப் பார்த்துவிட்டு, நங்கூரத்தையும் எடுத்து வைத்தீர்களோ என்று கேட்டாள்.

அரிசியை ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் கொண்டுபோகத் தடை இருந்த காலம் அது. ஓரிடத்தில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். பொலிஸ்காரன் என் பையைத் திறந்து முகத்தை உள்ளே விட்டான். விட்ட வேகத்திலேயே வெளியே எடுத்தான். கருவாட்டுப் பார்சல் மேலேயே இருந்தது. இதற்குள் அரிசி இருந்தாலும் எவன் வாங்கித் தின்பான் என்று சிங்களத்தில் மற்றவனிடம் சொன்னான். கருவாட்டுக்குக் கீழே என்ன இருந்தது என்பதை நான் இதில் எழுதப்போவதில்லை.

கண்டிக்கு அப்பால் ஏறிய பஸ் சிறிய பஸ். றோட்டு மலையைச் சுற்றிச் சுற்றிப் போனது. எங்கள் ஊர் றோட்டுக்குப் போகும் இடம் தெரியும். அந்த றோட்டு யோசித்து யோசித்துப் போவதுபோல இருந்தது. ஒரு பக்கம் மலைச் சுவர், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத பக்கத்தில்தான் எனக்கு இருக்கை கிடைத்தது. கண்ணை மூடினால் தலை சுற்றியது. திறந்தால் இன்னும் மோசம்.

பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் தன் கூடையில் இருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்துத் தோலைக் கீறி என் மூக்கடியில் பிடித்தாள். வயிறு கொஞ்சம் அடங்கியது. எந்த ஊர் என்று கேட்டாள். சந்தையில் பழகிய சிங்களத்தில் சொன்னேன். அவள் கடலைக் கண்டதே இல்லையாம். மறுகரை தெரியாது என்கிறார்களே, உண்மையா என்று கேட்டாள். உண்மை என்றேன். அப்படியென்றால் அதன் பக்கத்தில் எப்படிப் பயமில்லாமல் நித்திரை கொள்கிறீர்கள் என்றாள். வெளியே விழுந்து கிடந்த பள்ளத்தைக் காட்டி, இதன் பக்கத்தில் நீங்கள் எப்படி என்று நான் கேட்டேன். அவள் எட்டிப் பார்த்தாள். அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று தேடுகிற மாதிரி இருந்தது அவள் பார்வை.

ஒரு வளைவில் பஸ் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. எங்கள் ஊரில் பஸ் நின்றால் எல்லோரும் ட்ரைவரைச் சுற்றி நின்று கதைப்போம். அங்கே ஒருவரும் கதைக்கவில்லை. இரண்டு பேர் இறங்கி மலைப் பக்கத்திலிருந்து கல் எடுத்துச் சில்லுக்கு அடியில் வைத்தார்கள். கொண்டக்டர் ஒரு தகரத்தோடு பாறையடிக்குப் போனான். அங்கே ஒரு மூங்கில் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் பஸ் வெளிக்கிட்டது. பயப்பட நேரமே கிடைக்கவில்லை.

ரீச்சரோடு பயிற்சிக் கல்லூரியில் படித்த ஒருத்தி ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கரைக் கட்டியிருந்தாள். அந்த வீட்டில்தான் தங்கினோம். கிளாக்கர் மாற்றலாகி வந்து ஆறு மாதம், நல்ல மனுசன். ஆற்றங்கரையில் மூன்று இடங்கள் குறித்து வைத்திருந்தார்.

அன்றைக்குச் சாப்பாடு பாணும் பருப்பும், லீக்ஸ் போட்ட ஒரு கறியும். வெங்காயத்தாளை யாரோ வளரவிட்டு மறந்துபோனார்கள் என்று நினைத்தேன், ருசி மோசமில்லை. தேத்தண்ணிதான் ஏமாற்றம். தேயிலை விளைகிற இடத்தில் எப்படி இருக்கும் என்று ஆவலோடு வாயில் வைத்தால் எங்கள் இறங்குதுறை ஜெட்டிக் கடைத் தேத்தண்ணியின் பாதிக்கும் காணாது. நல்லதெல்லாம் பெட்டியில் அடைத்து உங்கள் ஊருக்கு வந்து கப்பல் ஏறுது, எங்களுக்குத் தூள்தான் என்றாள் கிளாக்கரின் மனைவி. அந்தப் பெட்டிகளை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். இவ்வளவு தூரத்தில் இருந்து வருகின்றன என்று யோசித்ததில்லை.

மறுநாள் முதலாவது இடம். ஒரு சிறு அருவி விழுந்து ஆறாக ஓடத் தொடங்கும் இடம். ரீச்சர் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தபடி நின்றாள். எனக்கும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் ரீச்சர் என்னிடம் ஏதோ சொன்னாள், அது எனக்குக் கேட்கவில்லை. இங்கே ஒரு பிள்ளை அவசரத்துக்குக் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும் என்றேன். அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. கையைப் பிடித்து அப்பால் கூட்டிவந்துதான் சொன்னேன். சிரித்தாள், சரி என்றாள்.

இரண்டாவது இடம் பெரிய மரங்களுக்குக் கீழே. நிலம் மெத்தை போல இருந்தது. அந்த மெத்தை முழுக்க அட்டை. என் காலில் ஏழு, ரீச்சரின் காலில் நான்கு. தேசிக்காயும் உப்பும் கொண்டுவந்ததற்கு முதல்முறையாக எனக்கு மரியாதை கிடைத்தது. அந்த இடமும் வேண்டாம் என்றேன். இம்முறை ரீச்சர் சிரிக்கவில்லை.

திரும்பி ஏறும் வழியில், எனக்கு முன்னால் நடந்துகொண்டே சொன்னாள்: "அக்கா, பயமில்லாத இடமெண்டு உலகத்தில ஒண்டும் இல்லை. உங்கட வாசல்லயே கடல் கிடக்குது."

"கடல் எனக்குத் தெரிஞ்ச சாமான், ரீச்சர்" என்றேன்.

அன்று பின்னேரம் முழுக்க எனக்கு ஒரே யோசனை. நாளைக்கும் நான் தலையாட்டாவிட்டால் பதினெட்டுப் பிள்ளைகளும் வீட்டில் இருக்க வேண்டும்; அதில் ஒரு பிள்ளை என் வீட்டில் இருக்கும், என்னோடு கதைக்காமல்.

மூன்றாம் நாள் காலை தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைத் தாண்டி, தேயிலைக்கு நடுவால் வளைந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையில் போனோம். இறங்கி முடித்துப் பார்த்தால், மணல்.

எங்கள் உப்புவெளிக் கடற்கரை மணலைக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு வந்து அந்த மலைக்குள் கொட்டியதுபோல இருந்தது. வெள்ளை மணல், அகலமாக, ஒரு பக்கம் வளைந்து, வளைவுக்குள் ஆறு முழங்காலளவில் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு அடியில் கல்லெல்லாம் தெரிந்தது. இந்தத் தண்ணீர் போய் மகாவலியில் விழும், மகாவலி உங்கட வீட்டுக்காரர் லோஞ்ச் ஓட்டுற கொட்டியாரக் குடாவில் விழும் என்றாள் ரீச்சர். நான் செருப்பைக் கழற்றினேன். ஊரைவிட்டு வந்தபின் முதல்முறையாக என் கால்களுக்கு எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது.

ரீச்சர் ஒரு கல்லில் குந்திக்கொண்டாள். நான் என் வேலையைத் தொடங்கினேன்.

எங்கள் கரையில் மீன்வாடிக் கொட்டில் போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது சருகுக் கோடு. அலை கடைசியாக ஏறிய இடத்தில் பாசியும் சருகும் சிப்பியும் ஒரு கோடாகக் கிடக்கும். அதற்கு மேலே இருபது அடி வைத்து வாடி போட்டால் பயமில்லை. இங்கேயும் தண்ணீரிலிருந்து இரண்டு முழம் மேலே, சருகும் குச்சியும் ஒரு கோடாகக் கிடந்தன. ஆறு இவ்வளவுதான் ஏறுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதிலிருந்து முப்பது அடி வைத்தேன். அங்கேயும் நல்ல மணல். கையால் கிண்டினேன், முழங்கை ஆழத்தில் தெளிந்த தண்ணீர் ஊறியது. அள்ளிக் குடித்தேன், இனிப்பு. மழை? எங்களுக்கு மழை கார்த்திகை, மார்கழி. ஆவணி என்றால் வறண்ட கச்சான் காற்றில் வாய்க்கால் வெடித்துக் கிடக்கும் காலம்.

இன்னொன்றும் பார்த்தேன். கரையோரத்தில் நின்ற ஒரு பெரிய மரத்தில், என் தலைக்கு மேல் இன்னும் ஒரு ஆள் உயரத்தில், கிளைக் கவட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற கூடை ஒன்று செருகி இருந்தது. சாம்பல்தீவில் மீன் கூடையையும் வலையையும் நாய் எட்டாத உயரத்தில் இப்படித்தான் மரத்தில் மாட்டிவிட்டுப் போவார்கள். ஆள் புழங்குகிற இடம், களவும் இல்லாத இடம் என்று என் மனம் இன்னும் கொஞ்சம் ஆறியது. ரீச்சருக்கும் காட்டினேன். "நல்ல சனம்" என்றேன்.

"அப்ப?" என்றாள் ரீச்சர்.

"ஓம்" என்றேன்.

அவள் எழும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். அந்த இடத்திலேயே கடிதத்தை எடுத்து, அவளுடைய முதுகில் வைத்து, அவளுடைய பேனையால் கையெழுத்துப் போட்டேன். குனிந்து நின்றவள் கூச்சத்தில் நெளிந்ததில் 'ணி' கொஞ்சம் கோணிப் போனது. கடிதத்தை ரீச்சரிடமே கொடுத்தேன். சாந்தி எப்படிச் சிரிப்பாள் என்று பாதை முழுக்க யோசித்துக்கொண்டு ஏறினேன்.

லயத்தடியில் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி என்னருகில் வந்ததும் நின்றாள். "கருவாட்டு வாசம் வருதுங்களே" என்றாள். பார்சல் கிளாக்கர் வீட்டில் இருந்தது. வாசம் மட்டும் என் பையை விட்டுப் போகவில்லை. அவள் பெயர் செல்லாயி. கருவாடு கண்டு ஒரு வருசம் இருக்கும் என்று சொன்னாள். மாவுக்கே வரிசையில் நிற்கிற காலம். லயத்துப் பிள்ளைகளின் மெலிந்த கைகால்களைப் பார்த்தாலே தெரிந்தது. நான் விறுவிறென்று போய்ப் பாதிப் பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அதை முகத்தருகே வைத்து ஒருதரம் மூச்செடுத்தாள்.

நான்காம் நாள் விடிய, பெரட்டு என்கிற காலைக் கணக்குக்கு ஆள் எடுக்கிற தப்பு மேளச் சத்தம் கேட்கும் முன்பே செல்லாயி கிளாக்கர் வீட்டுக் குசினி வாசலில் நின்றாள். கையில் இரண்டு ரொட்டியும் ஒரு சிரட்டையில் மிளகாய்ச் சம்பலும். அவளுடைய வீட்டு மாவில் இரண்டு ரொட்டி என்றால் அது என்ன என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லவும் ஏலாது. வாங்கி அங்கேயே குந்தித் தின்றேன். ரொட்டி கட்டி, சம்பல் உறைப்பு. அப்படியொரு சம்பலை நான் பிறகு சாப்பிட்டதில்லை.

முகாம் கதை லயம் வரைக்கும் போயிருந்தது. புள்ளைங்க வந்து எங்க தங்கப்போறாங்க என்று கேட்டாள். ஆற்றங்கரை மணலில் என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

செல்லாயி என்னைப் பார்த்தாள். "அந்த மணல்லயா? ராத்திரிக்கா?" என்றாள். பிறகு, "வாங்கம்மா" என்று நடக்கத் தொடங்கினாள். பெரட்டுக்கு நேரமாகுமே என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. நான் ரீச்சரை எழுப்பி, இருவரும் அவளுக்குப் பின்னால் ஓடினோம்.

மணல் நேற்றுப் போலவே கிடந்தது. என் காலடிகளும் நான் கிண்டிய குழியும் அப்படியே இருந்தன. செல்லாயி மரத்தடிக்குப் போய் மேலே கையைக் காட்டினாள்.

"அந்தக் கூடைய பாத்தீங்களா?"

"ஓம், பார்த்தனான். ஆரோ மாட்டி வைச்சிருக்கினம், நாய் எட்டாமல்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"மாட்டுனது ஆறுங்க" என்றாள். "அது என் கூடைதாங்க. போன ஆடியில துணி தொவைக்க எறங்குனேன். இங்க ஒரு பொட்டு மழ இல்ல, வெயிலு காயுது. மேல மலையில பேஞ்சிருக்கு. சத்தம் கேட்டு நிமுந்தா, தண்ணி மண்ணு நெறத்துல வருது. கூடைய பாக்கல, துணிய பாக்கல. புள்ளையத் தூக்கிட்டு ஓடுனேன்."

நான் அண்ணாந்து பார்த்தேன். கூடைக்கு அருகில் இன்னும் இருந்தன: காய்ந்த புல், ஒரு துணிக் கிழிசல், வைக்கோல் போன்ற ஏதோ ஒன்று. அடுத்த மரத்திலும் அதே உயரத்தில். அதற்கடுத்த மரத்திலும். சருகுக் கோடு அங்கே இருந்தது. நான் அதை என் காலடியில் தேடியிருந்தேன்.

ஒரு வருசமாக ஏன் எடுக்கவில்லை என்று ரீச்சர் கேட்டாள். கூடைக்குக் கஷ்டம்தான், ஆனாலும் எடுப்பதில்லை என்றாள் செல்லாயி. ஆறு மாட்டி வைத்ததை ஒருவரும் இறக்க மாட்டார்களாம். "புள்ளைங்க எறங்குறப்ப பாத்துக்கும்ல" என்றாள். கிளாக்கர் ஐயா வந்து ஒரு ஆடியும் பார்க்கவில்லை, அவருக்கு எப்படித் தெரியும் என்றும் சொன்னாள்.

எங்கள் ஊரிலும் இந்த ஆறு பெருகும். ஆனால் பெருகுகிறது என்ற செய்தி முன்னால் வரும். மேலே பெருவெள்ளமாம், நாளைக்கு லோஞ்ச் ஓடாதாம் என்று ஜெட்டியில் கதை அடிபட்டு ஒருநாள் கழித்துத்தான் தண்ணீர் கலங்கும். செய்திக்கு முன்னால் தண்ணீர் வருகிற இடமும் உண்டு என்று எனக்குத் தெரியாது. எங்களுக்குக் கச்சான் அடிக்கிற மாதங்களில்தான் இந்த மலைக்கு மழை, இந்த முறை அது பிந்திக் கிடக்கிறது என்பதும் தெரியாது. ரீச்சரைப் பார்த்தேன்.

"புத்தகத்தில படிச்சனான்தான்" என்றாள் மெல்லிய குரலில். "பிள்ளையளுக்கும் சொல்லிக் குடுத்திருக்கிறன். இங்க வந்து நிண்டபோது நினைவு வரேல்லை, அக்கா."

மணலில் குந்திவிட்டேன். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் பயந்தவள், ஒரேயொரு இடத்தில் பயப்படாமல் இருந்திருக்கிறேன். அது இந்த இடம். பதினெட்டுப் பிள்ளைகள். நான் முப்பது அடி வைத்து அளந்த இடத்தில் பதினெட்டுப் பிள்ளைகளும் வரிசையாகப் படுத்துக் கிடப்பது கண்ணுக்குள் வந்தது. கடிதத்தைத் தாங்கோ என்று கையை நீட்டினேன். ரீச்சர் எடுத்துத் தந்தாள்.

"ஏலாதெண்டால் ஏலாதுதான்" என்றாள். "நான் பிள்ளையளுக்குச் சொல்லுறன். உங்கட பேர் வராது."

கடிதத்தைக் கிழிக்கத்தான் வாங்கினேன். மடிப்பைப் பிரித்ததும் என் கோணல் 'ணி' தெரிந்தது. படலையடியில் என் முகத்தைப் பாராமல் நின்ற சாந்தியும் தெரிந்தாள். பிள்ளை கேட்டது ஓரிடம். அதைக்கூட நான் அவளுக்காகத் தேடவில்லை, எனக்குப் பழகிய மணலைத் தேடியிருக்கிறேன். செல்லாயி பெரட்டுக்கு நேரம் போகிறதே என்ற யோசனையோடு பாதைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது எனக்கு ஒரு கேள்வி வந்தது. முதல்நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்க ஓடினனீங்கள்?"

அவள் கையை நீட்டினாள். "அந்த மேட்டுக்குங்க. லயத்து சனம் பூரா அங்கதான் ஏறும். எங்க தாத்தா காலத்துலருந்தே அங்கதான்."

"அங்க கூட்டிக்கொண்டு போங்கோ" என்றேன்.

செங்குத்தான ஏற்றம். மண்ணில் வெட்டிய படிகள். எண்ணிக்கொண்டு ஏறி அறுபதுக்கு மேல் மூச்சு வாங்கியதில் எண்ணிக்கை தவறிவிட்டது. மேலே ஒரு தட்டையான வெட்டவெளி. ஒரு காலத்தில் தேயிலைக் கன்று நட்ட இடமாம். இப்போது ஆடு மேய்கிறது. மேய்ந்த அடையாளம் நிலம் முழுக்கக் கிடந்தது. ஒரு பக்கத்தில் தகரக் கொட்டில். கோயில் திருவிழாவுக்குச் சமைக்கிற இடம். பாறையிலிருந்து மூங்கில் பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மரமும் இல்லை, அட்டையும் இல்லை. ஆறு கீழே ஒரு நாடா போலத் தெரிந்தது. சத்தம் மட்டும் ஏறி வந்தது.

ரீச்சர் சுற்றிப் பார்த்தாள். அவளுடைய முகம் விழுந்துவிட்டது. "அக்கா, இது ஆற்றங்கரையோ?" என்றாள்.

"ஆற்றைப் பார்க்கலாம். பகலில செல்லாயி சொல்லுற நேரத்தில இறங்கிக் கால் நனைக்கலாம். படுக்கிறது இஞ்ச" என்றேன். "இந்தச் சனம் பயந்தால் எங்க ஓடுமோ, அங்கதான் கூடாரம், ரீச்சர்."

நான் இப்படி உறுதியாக ஒன்றைச் சொல்லி அவள் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அவள் ஒரு காலால் ஆட்டுப் புழுக்கையைத் தள்ளி நிலத்தைப் பார்த்தாள். கூடார முளை இறங்கும் என்றாள். கடிதத்தை மறுபடி அவளிடம் கொடுத்தேன். மணலில் போட்ட கையெழுத்துத்தான். வேறு போடவில்லை.

செல்லாயிக்கு அன்று அரைநாள் வேலை போனது. கருவாட்டில் மீதியையும், கருவாட்டுக்குக் கீழே இருந்ததையும் அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஊருக்கு வந்து இறங்கியதும் கச்சான் காற்று முகத்தில் அறைந்தது. கோணேசர் கோயில் றோட்டில் மான்கள் வழமைபோல நிழலில் படுத்துக் கிடந்தன. ஓம் சொன்னேன் என்று சாந்தியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. ரீச்சரிடமிருந்து வாங்கிவந்த கடிதத்தில் தகப்பன் தன் கோட்டில் கையெழுத்துப் போடுவதைக் கண்ட பிறகுதான் நம்பினாள். கூடையின் கதையை நான் வீட்டில் சொல்லவில்லை. மணலை மட்டும் சொன்னேன்: கீழே உப்புவெளி மாதிரி வெள்ளை மணல் இருக்கிறது, பகலில் ரீச்சரோடும் செல்லாயியோடும் போய்ப் பார், படுப்பது மட்டும் மேட்டில் என்று.

ஆவணியில் அவர்கள் போனார்கள். அந்த நான்கு நாளும் நான் ஏதாவது சாட்டு வைத்து மூதூர் லோஞ்சில் ஏறினேன். தண்ணீரின் நிறத்தைப் பார்க்கத்தான். மூன்றாம் நாள் ஆறு விழுகிற பக்கத்தில் குடா கொஞ்சம் கலங்கியிருந்தது. மூதூருக்குப் போகிற ஒரு உம்மா, கரையை விட்டுக் கண்ணெடுக்காமல் என்ன பார்க்கிறாய் மகள் என்று கேட்டார். மகள் மலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். மலை இந்தப் பக்கம் இல்லையே என்றார். நான் இறங்கும்போது இவர், இந்தக் கலங்கல் ஒருநாள் பழையது என்றார்.

சாந்தி ஐந்தாம் நாள் வந்தாள், தலை முழுக்க மழையின் மணத்தோடு. குளிக்கவைத்து, முற்றத்தில் கதிரையைப் போட்டு இருத்தித் தலை துவட்டினேன். வாய் ஓயவில்லை. கூடாரத்தடியில் ஆட்டுப் புழுக்கையாம். படி ஏறி ஏறிக் கால் வீங்கியதாம். கொட்டிலுக்குள் செல்லாயி அக்கா எல்லோருக்கும் ரொட்டி தட்டக் காட்டிக்கொடுத்தாளாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாளாம்.

"மணல் எப்பிடி?" என்று கேட்டேன்.

"மணலோ?" என்று தலையைத் திருப்பினாள். "அங்க மணல் ஒண்டும் இல்லையம்மா. முதல் நாள் நாங்கள் போய்ச் சேரேக்க இருட்டு. விடியப் பார்த்தால் மரங்கள் தண்ணிக்குள்ள நிக்குது. நாங்கள் மேட்டில இருந்து பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடிச்சனாங்கள். நீங்கள் வேற இடத்தைச் சொல்லுறியளோ?"

"இருக்கும்" என்றேன். "கொஞ்சம் குனி. காதுக்குப் பின்னால இன்னும் ஈரம்."